சாட்சியமும் சங்கமும்

ஒரு வீட்டின் சரித்திரத்தை யார் எழுதுகிறார்கள் என்று இலக்கிய விமர்சனம் அதிகம் கேட்டதில்லை. வீட்டுக்குச் சொந்தக்காரர்கள்தான் எழுதுவார்கள் என்பது அவ்வளவு இயல்பாகப் பட்டிருக்கிறது. பிரேஸிலின் நவீன சமூகச் சிந்தனைக்கு அஸ்திவாரம் போட்ட புத்தகம் என்று கொண்டாடப்படும் கில்பர்ட்டோ ஃப்ரெய்ரியின் 'பெரிய வீடும் அடிமைக் கொட்டடியும்' 1933இல் வெளிவந்தது. கரும்புத் தோட்டத்துப் பெரிய வீட்டில் பால் கொடுத்து, தாலாட்டி, உணவைக் கையில் கவளமாக உருட்டி ஊட்டிய கறுப்புத் தாதியின் வழியாகவே பிரேஸில்காரர்களின் பேச்சும் ருசியும் உருப்பெற்றன என்று அதில் அவர் சொன்னார். இனத் தூய்மை பேசிக்கொண்டிருந்த ஒரு காலத்தில் இது துணிச்சலான வாதம். ஆனால் அந்தப் புத்தகத்தில் தாதி இருப்பது எஜமானரின் மகனுடைய ஞாபகத்தில். அவளுடைய ஞாபகத்தில் பெரிய வீடு எப்படி இருந்தது என்பதற்கு அங்கே இடமில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1936இல், ஸாண்டோஸ் என்ற துறைமுக நகரத்தில் லாவுடெலீனா தெ காம்போஸ் மெலோ என்ற கறுப்பினப் பெண் வீட்டு வேலை செய்பவர்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கினார். பிரேஸிலில் அதுவே முதலாவது. அதிலிருந்து எண்பது வருஷம் கழித்து, 2016 ஜூலையில், அதே ஸாண்டோஸைச் சேர்ந்த இன்னொரு கறுப்பினப் பெண் ஃபேஸ்புக்கில் ஒரு பக்கம் தொடங்கினார். அவர் பெயர் ஜாய்ஸ் ஃபெர்னாண்டஸ். ப்ரெத்தா ராரா என்ற பெயரில் ராப் பாடுபவர், சரித்திர ஆசிரியை, 2009 வரை வீட்டு வேலை பார்த்தவர். அவருடைய தாயும் பாட்டியும் அதே வேலைதான் பார்த்தார்கள். பக்கத்தின் பெயர்: 'நான், வீட்டு வேலைக்காரி'.

இந்த இரண்டு தொடக்கங்களுக்கும் இடையே உள்ள உறவு என்ன என்பதைத்தான் இங்கே யோசிக்க விரும்புகிறேன். சமூக ஊடகம் பற்றிய நம் பேச்சு இரண்டே சுருதிகளில் நடந்துகொண்டிருக்கிறது. வாயில்லாதவர்களுக்கெல்லாம் வாய் வந்துவிட்டது என்ற குதூகலம் ஒன்று. எல்லாம் வெறும் இரைச்சல், நாளை மறந்துபோகும் என்ற அலுப்பு மற்றொன்று. முதல் கட்சிக்காரர்களுக்கு 1936 தெரியாது. இரண்டாவது கட்சிக்காரர்களுக்கு 2016இல் நடந்தது என்ன என்று பார்க்கப் பொறுமை இல்லை.

2

1860ஆம் ஆண்டு வாக்கில் ரெஸிஃபே நகரத்தில் எடுத்த ஒரு புகைப்படம் பிரேஸிலில் பிரசித்தமானது. நல்ல உடை உடுத்தி உட்கார்ந்திருக்கும் ஒரு கறுப்புத் தாதி. அவள்மேல் சாய்ந்து அவள் கையைப் பற்றிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சிறுவன். சிறுவனின் முழுப்பெயரும் குடும்பப் பெயரும் நமக்குத் தெரியும். தாதியின் பெயர் மோனிகா. அதற்கு மேல் இல்லை. படம் எடுக்கச் சொன்னதும் பணம் கொடுத்ததும் சிறுவனின் வீட்டார். அவர்கள் பார்க்க விரும்பியது பாசத்தை. பாசம் இருந்திருக்கவும் கூடும். ஆனால் பாசம் என்பதற்கு அந்தப் படத்தில் ஒரு விலைச் சீட்டும் உண்டு. மோனிகா யாருடையவள் என்பதுதான் அந்தச் சீட்டு.

2016 மார்ச் 13 அன்று பிரேஸில் ஜனாதிபதி தில்மா ரூஸெஃபைப் பதவி நீக்கக் கோரி நாடெங்கும் பெரும் ஊர்வலங்கள் நடந்தன. ரியோவில் ஒரு தம்பதி தங்கள் நாயுடன் ஊர்வலத்துக்குப் போகிறார்கள். பின்னால் வெள்ளைச் சீருடையில் கறுப்பின ஆயா ஒருத்தி குழந்தைகளின் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். யாரோ எடுத்த படம் அன்றே சமூக ஊடகங்களில் பரவியது. அரசின் ஆதரவாளர்கள் அதை வைத்து நாட்டின் சாதிப் படிக்கட்டைக் காட்டினார்கள். எதிர்ப்பாளர்கள், வேலை கொடுப்பது குற்றமா என்று கேட்டார்கள். படத்தில் இருந்த பெண் பின்னர் ஒரு பத்திரிகையிடம் பேசவும் செய்தார். ஊர் ஊராகப் போனது அவர் பேச்சு இல்லை, அவருடைய சீருடை.

ஒன்றரை நூற்றாண்டில் கருவி மாறியிருக்கிறது. ஆனால் பார்வையின் திசை மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஃபேஸ்புக்கும் ட்விட்டரும் தம்மளவில் எதையும் விடுவிப்பதில்லை. வேலைக்காரியைப் பற்றிப் பேசுவதற்கு அவை இன்னொரு திண்ணை, அவ்வளவுதான். நான்கு மாதம் கழித்து ப்ரெத்தா ராரா செய்த காரியத்தின் முக்கியத்துவம், பக்கத்தின் பெயரிலேயே இருந்த 'நான்' என்ற அந்தச் சிறிய சொல்லில் இருக்கிறது.

3

அந்தச் சொல் வருவதற்கு முன்னால் நடந்தவை ஏராளம். அமெரிக்கக் கண்டங்களில் அடிமை முறையைக் கடைசியாக ஒழித்த நாடு பிரேஸில். 1888 மே 13 அன்று சட்டம் கையெழுத்தாயிற்று. விடுதலையானவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை. நஷ்ட ஈடு கிடைக்கவில்லை. பெண்களில் மிகப் பலர் அதே சமையலறைகளுக்குத் திரும்பினார்கள். இம்முறை அதற்குப் பெயர் வேலை.

லாவுடெலீனா 1904இல் மினாஸ் ஜெராய்ஸ் மாகாணத்தில், போஸோஸ் தெ கால்டாஸ் என்ற ஊரில் பிறந்தார். ஏழு வயதில் வேலைக்குப் போனார். அவர் ஸாண்டோஸில் தொடங்கிய சங்கம், 1937இல் வந்த வார்காஸின் சர்வாதிகாரத்தின்போது மூடப்பட்டது. இந்த வார்காஸ்தான் தொழிலாளர்களின் தந்தை என்று பெயரெடுத்தவர். 1943 மே தினத்தன்று அவர் கொண்டுவந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு பிரேஸில் தொழிலாளிக்குப் பெரிய சாசனம். அதன் ஏழாவது பிரிவு, வீட்டு வேலை செய்பவர்களுக்கு இது பொருந்தாது என்று சொல்லிற்று. ஒரு நபருக்கோ குடும்பத்துக்கோ அவர்கள் வீட்டில் செய்யும் வேலை 'பொருளாதார இயல்பு அற்றது' என்பது அதன் விளக்கம். இந்த ஒரு சொற்றொடரை நான் திரும்பத் திரும்ப யோசித்திருக்கிறேன். துணி துவைத்து, சமைத்து, பிள்ளை வளர்த்து, ஒரு வர்க்கம் முழுவதையும் காலையில் ஆபீசுக்கு அனுப்பிவைக்கும் உழைப்பு பொருளாதாரம் இல்லையாம். அப்படியானால் அது என்ன? அன்பு என்று பதில் வரும். ஃப்ரெய்ரியின் தாதியும் ரெஸிஃபேப் படமும் சட்டப் புத்தகத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட விதம் இது.

பின்னர் லாவுடெலீனா காம்பினாஸ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே உள்ளூர்ப் பத்திரிகையில் வேலைக்காரி தேவை விளம்பரங்களில், வெள்ளைக்காரியாகவோ போர்ச்சுகீசியப் பெண்ணாகவோ இருப்பது நலம் என்று போடுவார்கள். அதை எதிர்த்துப் பத்திரிகையோடு மல்லுக்கு நின்றார். இது சிறிய சண்டை என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்குள் நடப்பது வெளியே வந்து அச்சாகிற ஒரே இடம் அன்று அந்த விளம்பரப் பத்திதான். அதில் எஜமானியின் குரல் மட்டுமே கேட்கும். விளம்பரத்தைத் திருத்தச் சொல்வது என்றால், அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல இன்னொரு குரல் உண்டு என்று அறிவிப்பது. 2016இன் பக்கத்துக்கு முன்னோடி எது என்று தேடுகிறவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

1961இல் காம்பினாஸில் புதிய சங்கம். 1972இல் முதல்முறையாக ஒரு சட்டம்: வேலைப் புத்தகத்தில் கையெழுத்து, வருஷத்துக்கு இருபது நாள் சம்பளத்துடன் விடுமுறை, சமூகக் காப்பீடு. 1988இன் அரசியல் சாசனத்தை எழுதிய சபையில் ஒரு காலத்தில் வீட்டு வேலை பார்த்த பெனெடிட்டா டா ஸில்வா உறுப்பினராக இருந்தார். நாடெங்கிலுமிருந்து வீட்டு வேலைப் பெண்கள் தலைநகருக்குப் போய்க் கதவைத் தட்டினார்கள். அப்படியும், தொழிலாளர் உரிமைகளைப் பட்டியலிடும் ஏழாவது பிரிவின் 34 உட்பிரிவுகளில் ஒன்பதுதான் அவர்களுக்குக் கிடைத்தன. குறைந்தபட்சக் கூலி, வார ஓய்வு, 120 நாள் பிரசவ விடுப்பு கிடைத்தன. எட்டு மணி நேரம் கிடைக்கவில்லை. சாப்பாட்டுக்கும் தங்கும் இடத்துக்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளக் கூடாது என்று சட்டம் சொன்னது 2006இல். உலகத் தொழிலாளர் அமைப்பு ஜெனீவாவில் 189ஆவது உடன்படிக்கையை ஏற்றது 2011 ஜூனில். பிரேஸிலின் 72ஆவது சாசனத் திருத்தம் 2013 ஏப்ரலில் வந்தது. அதன் விவரங்களை வகுத்த சட்டம் 2015 ஜூனில் வந்தது. வாரத்துக்கு 44 மணி நேரம், மிகைநேரக் கூலி, சேமநிதி எல்லாம் அப்போதுதான்.

லாவுடெலீனா 1991இல் இறந்தார். தன் வீட்டைச் சங்கத்துக்கு விட்டுச் சென்றார்.

இந்தத் தேதிகளை வரிசையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சட்டம் ஃபேஸ்புக் பக்கத்துக்கு முன்னால் வந்துவிட்டது. அதைக் கொண்டுவந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கூடி, சந்தா வசூலித்து, கைப்பிரதி அச்சடித்து, பஸ்ஸில் தலைநகருக்குப் போன பெண்கள். இணையம் பெற்றுத் தந்த உரிமை என்று யாராவது சொன்னால் அது சரித்திரத்தில் இன்னொரு திருட்டு.

4

அப்படியென்றால் 2016இல் அந்தப் பக்கத்துக்கு என்ன தேவை? பதில் 2015இன் சட்டத்திலேயே இருக்கிறது. அதன் 44ஆவது பிரிவுப்படி, தொழிலாளர் ஆய்வாளர் ஒரு வீட்டைச் சோதிக்க வேண்டுமென்றால் வீட்டுக்காரரோடு முன்கூட்டியே நாள் குறித்து, பேசி, இசைவு பெற வேண்டும். வீடு மீறக்கூடாத இடம் என்பது சாசனக் கோட்பாடு. தொழிற்சாலைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போகும் அதிகாரி சமையலறைக்கு அழைப்பின் பேரில் போகிறார். உரிமை வாசல்வரை வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுகிறது.

ப்ரெத்தா ராராவின் முதல் பதிவு சட்டம் நின்றுவிட்ட அந்த வாசலைத் தாண்டியது. அவர் கடைசியாகச் சமையல் வேலை பார்த்த வீட்டில் எஜமானி சொன்னதை அவர் எழுதினார். உன்னை வேலைக்கு வைத்தது எங்கள் குடும்பத்துக்குச் சமைக்க, உனக்குச் சமைக்க இல்லை. உன் சாப்பாட்டையும் ஸ்பூனையும் நீயே கொண்டுவா. முடிந்தால் நாங்கள் சாப்பிடுவதற்கு முன் சாப்பிட்டுவிடு. இவ்வளவுதான் விஷயம். அடி உதை இல்லை, கூலி பாக்கி இல்லை. நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் வழக்காக நிற்காது. தன் கையால் சமைத்த சோற்றில் தனக்குப் பங்கில்லை என்பதை எந்தப் பிரிவின் கீழ் பதிவு செய்வது?

பின்னர் வந்தவை வெள்ளம். சில வாரங்களுக்குள் லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் பக்கத்தைப் பின்தொடர்ந்தார்கள். தனித் தட்டு, தனிக் குவளை, தனிக் கக்கூஸ். முன் லிஃப்டில் ஏறக்கூடாது, சரக்கு லிஃப்டில் போ. சமையலறைக்குப் பின்னால் ஜன்னலில்லாத அறை. படிக்கவைப்பதாகச் சொல்லிக் கிராமத்திலிருந்து அழைத்துவந்து, பள்ளிக்கூடமே காட்டாமல் வேலை வாங்கிய வீடுகள். வீட்டு ஆண்களின் கை. எழுதியவர்களில் பலர் வேலைக்காரிகளின் மகள்கள், பேத்திகள். கல்லூரியில் காலெடுத்து வைத்த முதல் தலைமுறை. தாய் சொல்லாமல் விழுங்கியதை மகள் எழுதினாள். ப்ரெத்தா ராராவுக்கு மிரட்டல்களும் வசவுகளும் வந்தன.

இலக்கிய வாசகன் என்ற முறையில் இந்தப் பதிவுகளின் உருவம் என்னை யோசிக்கவைக்கிறது. அவை சிறியவை. வருணனை இல்லை, உவமை இல்லை, பாத்திர வளர்ச்சி இல்லை. ஒரு பொருள் இருக்கும். ஸ்பூன், சீருடை, அறைச் சாவி. ஒரு வாக்கியம் இருக்கும், எஜமானி சொன்னது. அதோடு நின்றுவிடும். ஒன்றைப் படிக்கும்போது அந்த ஒருத்தியின் துரதிர்ஷ்டம். நூறைப் படித்த பிறகு, எஜமானிகள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டிருப்பது தெரிகிறது. தனித்தனி வீடுகள் என்று நினைத்திருந்தவை ஒரே ஸ்தாபனத்தின் கிளைகள் என்று தெரிகிறது. தொழிற்சாலைத் தொழிலாளி பக்கத்து மெஷினில் நிற்பவனைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்கிறான். ஒரு வீட்டில் ஒருத்தியாக வேலை பார்ப்பவளுக்குப் பக்கத்து மெஷின் இல்லை. இந்தப் பக்கம் அவளுக்கு அதைக் கொடுத்தது.

எல்லாப் பதிவுகளுக்கும் அடியில் ஓடுவது ஒரு சொற்றொடர்: 'கிட்டத்தட்டக் குடும்பத்தில் ஒருத்தி'. பிரேஸிலில் எஜமானிகள் பெருமையோடு சொல்வது. நமக்கு இதை மொழிபெயர்க்க வேண்டிய அவசியமில்லை. 'எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி' என்று நாம் தலைமுறைகளாகச் சொல்லிவருகிறோம். 'மாதிரி' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. குடும்பத்தில் ஒருத்திக்குச் சொத்தில் பங்குண்டு, சாப்பாட்டு மேஜையில் இடமுண்டு. மாதிரிக்கு இரண்டும் கிடையாது. வேலையாளுக்கு நேரமும் கூலியும் உண்டு. குடும்பம் மாதிரி என்று சொன்னவுடன் அதுவும் போய்விடுகிறது. இரண்டு பக்கத்துப் பாத்தியதையும் இல்லாமல் செய்வதற்கு இதைவிடக் கெட்டிக்காரத்தனமான சொல்லை எந்தச் சட்ட நிபுணரும் கண்டுபிடிக்க முடியாது.

2019இல் இந்தச் சாட்சியங்கள் புத்தகமாயின. அடிமைக் கொட்டடியின் நவீன வடிவம் வேலைக்காரியின் சின்ன அறைதான் என்பது அதன் துணைத்தலைப்பு. ஃப்ரெய்ரியின் தலைப்புக்கு வந்த பதில் என்று அதை நான் படிக்கிறேன். பதில் வர எண்பத்தாறு வருஷம் ஆகியிருக்கிறது.

5

இங்கே நிறுத்தினால் குதூகலக் கட்சியில் சேர்ந்தவனாவேன். சாட்சியத்துக்கு நேரும் கதி வேறொன்றும் உண்டு. கரோலினா மரியா தெ ஜெஸூஸ் ஸாவோ பாவ்லோவில் வீட்டு வேலை பார்த்தவர். பின்னர் சேரியில் குடிசை கட்டிக் காகிதம் பொறுக்கிப் பிழைத்தவர். பொறுக்கிய நோட்டுப் புத்தகங்களில் அவர் எழுதிய நாட்குறிப்பை ஒரு பத்திரிகையாளர் தேர்ந்து சீர்ப்படுத்தி 1960இல் 'கழிவுப் பொருள் அறை' என்ற பெயரில் வெளியிட்டார். அமோகமாக விற்றது, பல மொழிகளில் போயிற்று. சில வருஷங்களில் வாசகர்களுக்கு அலுத்துவிட்டது. அவர் எழுத விரும்பிய கவிதையும் நாவலும் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அவரிடம் கேட்டதெல்லாம் பசியின் சாட்சியம் மட்டும். 1977இல் வறுமையிலேயே இறந்தார். துயரத்தைச் சரக்காக வாங்கும் வாசகனுக்கு அடுத்த வாரம் புதுச் சரக்கு வேண்டும். காகிதத்திலேயே இப்படி என்றால், விரலால் தள்ளத் தள்ள மேலே ஓடிக்கொண்டிருக்கும் திரையில் எப்படி?

இரண்டாவது, அந்தத் திரை யாருடையது என்ற கேள்வி. பிரேஸிலில் 'நான்' என்று எழுத இடம் தந்த அதே கம்பெனியின் இன்னொரு கடை இன்ஸ்டாகிராம். வளைகுடா நாடுகளில் வெளிநாட்டிலிருந்து வரும் பணிப்பெண்ணின் விசா அவளை வேலைக்கு வைத்தவரின் பெயரில் கட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பொறுப்பை இன்னொருவருக்குக் கைமாற்றலாம். குவைத்தில் பெண்களின் படங்களைப் போட்டு, விலை குறித்து, இன்ஸ்டாகிராமிலும் வேறு செயலிகளிலும் இந்தக் கைமாற்று வியாபாரம் நடந்துகொண்டிருந்ததை 2019 அக்டோபரில் பிபிசியின் அரபுப் பிரிவு வெளிப்படுத்தியது. எந்த நாட்டுப் பெண் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் இருந்தது. காம்பினாஸ் பத்திரிகையின் விளம்பரப் பத்தியை லாவுடெலீனா எதிர்த்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆன பின், அந்தப் பத்தி படத்தோடும் விலையோடும் திரும்பி வந்திருந்தது. அம்பலமான பிறகு கம்பெனி ஒரு தேடுசொல்லைத் தடை செய்தது. அங்கே வேலை பார்க்கும் பெண்களில் நம் ஊர்களிலிருந்து போனவர்களும் உண்டு என்பதால், இதைத் தூரத்துச் செய்தியாகப் படிக்க நமக்குச் சௌகரியமில்லை. இந்தியா 2011இல் ஜெனீவாவில் ஆதரவாக வாக்களித்த அந்த 189ஆவது உடன்படிக்கையை இன்னும் அங்கீகரிக்கவில்லை. பிரேஸில் 2018இல் அங்கீகரித்தது.

6

2020 மார்ச்சில் ரியோ மாநிலத்தில் கொரோனாவால் இறந்த முதல் ஆள் 63 வயதான ஒரு வீட்டு வேலைக்காரி. இத்தாலியிலிருந்து நோயோடு திரும்பிய எஜமானியின் வீட்டில் வேலை பார்த்தவர். அந்த மாதத்திலேயே வேலைக்காரிகளின் பிள்ளைகள் சேர்ந்து 'எங்கள் தாய்மாரின் உயிருக்காக' என்று ஓர் அறிக்கையை இணையத்தில் சுற்றுக்கு விட்டார்கள். சம்பளத்தோடு விடுப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்பது கோரிக்கை. தேசிய வீட்டு வேலைத் தொழிலாளர் கூட்டமைப்பும் அதையே கேட்டது. பல எஜமானர்கள் கேட்கவில்லை. மே மாதத்தில் பெலெம் நகரத்தின் ஊரடங்கு உத்தரவு வீட்டு வேலையை அத்தியாவசியப் பணி என்று அறிவித்தது. 1943இல் பொருளாதாரமே இல்லாதது, 2020இல் அது இல்லாமல் ஒரு நாள்கூட நகராது. உழைப்பின் மதிப்பைப் பற்றி ஆளும் வர்க்கம் இவ்வளவு நேர்மையாக வேறெப்போதும் பேசியதில்லை.

2016க்கும் 2020க்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். முன்னதில் சாட்சியம் இருந்தது. பின்னதில் சாட்சியத்தோடு ஒரு கோரிக்கை இருந்தது. அதைக் கூட்டாகக் கேட்க ஒரு கூட்டமைப்பு இருந்தது. 1997இல் கட்டப்பட்ட அந்தக் கூட்டமைப்பும் போர்ட்டோ அலெக்ரேயைச் சேர்ந்த ஒரு பெண்கள் சட்ட உதவி அமைப்பும் சேர்ந்து கைபேசிக்கு ஒரு செயலி உருவாக்கியிருக்கின்றன. சம்பளம், விடுமுறை, வேலையை விட்டு நீக்கினால் வரவேண்டிய தொகை இவற்றை அதில் கணக்குப் பார்க்கலாம். சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். அருகிலுள்ள மற்ற வேலைப் பெண்களோடு தொடர்பு கொள்ளலாம். அதன் பெயர் லாவுடெலீனா. இதில் கண்ணீருக்கு இடமில்லை, பகிர்ந்துகொள்ள ஒன்றுமில்லை, எந்த வாசகனும் இதைப் படித்து நெகிழமாட்டான். எனக்கு இது மிகவும் பிடித்திருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகு நிலைமை என்ன? பிரேஸிலில் வீட்டு வேலை செய்பவர்கள் சுமார் 60 லட்சம் பேர். பத்தில் ஒன்பதுக்கு மேல் பெண்கள், பெரும்பான்மை கறுப்பினத்தவர். வேலைப் புத்தகத்தில் கையெழுத்துப் பெற்றவர்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. சட்டம் வந்ததும் எஜமானர்கள் ஒரு உபாயம் கண்டுபிடித்தார்கள். ஒரே வீட்டில் வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேலை பார்ப்பவளுக்குத்தான் 2015இன் சட்டம் பொருந்தும். ஆகவே முழுநேர வேலைக்காரியை நிறுத்திவிட்டு வாரத்துக்கு ஒரு நாள், இரண்டு நாள் நாள்கூலிக்காரியை வைத்துக்கொள்வது பெருகியது. அவளுக்கு ஒரு எஜமானி இல்லை, ஐந்து பேர். 'குடும்பத்தில் ஒருத்தி' என்ற பொய்கூட அவளுக்குக் கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வர நேரமும் கிடையாது. அவள் கையில் இருப்பது ஒரு கைபேசி.

அந்தக் கைபேசியில் அவள் தன் கதையை எழுதலாம். எழுதினால் ஒரு லட்சம் பேர் படிப்பார்கள். அதை எடுத்து வைத்துக்கொள்ள, எண்ணிப் பார்க்க, அடுத்த சட்டத் திருத்தத்தின்போது மேஜையில் போட ஒரு சங்கம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. பிரேஸிலில் இருக்கிறது, எண்பது வருஷம் யாரும் பார்க்காதபோது கட்டப்பட்டது. தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர் நல வாரியம் 2007இலேயே அமைந்துவிட்டது. அது நல வாரியம். எஜமானியோடு உட்கார்ந்து கூலி பேசுவது வாரியத்தின் வேலை இல்லை, சங்கத்தின் வேலை. இங்கே அடுக்களையிலிருந்து யாராவது 'நான்' என்று எழுதத் தொடங்கும்போது, படித்து நெகிழ நாம் இருப்போம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நெகிழ்ச்சி அவளுக்குப் போதாது.